சிவில் சமூக உறவு பற்றிய ஆலோசனைக் குழு: பணி வரையறையில் என்ன கேட்டு வாங்குவது?

வரைவுமேசை கேட்டது:

பன்னாட்டு நிறுவனம் ஒன்று, சிவில் சமூக அமைப்புகளோடு (அரசு சாராத மக்கள் அமைப்புகளோடு) தனக்குள்ள உறவு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல வெளியாட்கள் ஐந்து பேரைக் கொண்டு ஆலோசனைக் குழு அமைக்கிறது. கால அளவு எட்டு மாதம், முடிவில் ஓர் அறிக்கை. குழுவில் சேர எனக்கு அழைப்பு வந்திருக்கிறது, கூடவே பணி வரையறையின், அதாவது குழுவின் வேலையையும் விதிகளையும் சொல்லும் ஆவணத்தின் வரைவும். இரண்டே பக்கம். "ஈடுபாட்டை வலுப்படுத்தத் தக்க பரிந்துரைகளை வழங்குதல்" என்ற வரியைக் கழித்துவிட்டால் மிச்சம் பயணப்படி விவரம்தான்.

கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயம் தெரிய வேண்டும். வரைவில் எந்தெந்த வரிகளைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பது நியாயம்? அமைப்புகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் முறையை, அதாவது ஐ.நா.வின் ஆலோசனை அந்தஸ்து போன்ற ஒன்றைத் தொடலாமா, தொட்டால் அறிக்கையே மூழ்கிவிடுமா? எட்டு மாதத்துக்குள் அமைப்புகளிடம் கருத்துக் கேட்பதை எப்படி அடக்குவது?

"பங்கேற்பு முக்கியம்" என்கிற அளவிலான பதில் வேண்டாம். அது வரைவிலேயே நான்கு இடத்தில் இருக்கிறது.

கோப்புக்கட்டு:

வரைவில் முதலில் தேட வேண்டியது, அறிக்கை யார் கைக்குப் போகிறது, வாங்கியவர் என்ன செய்யக் கடமைப்பட்டவர் என்பது. அது இல்லையென்றால் மற்ற வரிகளைத் திருத்தி ஒன்றும் ஆகப்போவதில்லை.

இதே வேலைக்கு ஐ.நா. ஒரு குழுவைப் போட்டது. 2003 பிப்ரவரியில் அப்போதைய ஐ.நா. பொதுச் செயலாளர் கோஃபி அன்னான் அமைத்தார். அப்போதுதான் பதவி முடித்திருந்த பிரேசில் அதிபர் ஃபெர்னாண்டோ ஹென்ரிக் கார்டோசோ தலைவர். 2004 ஜூனில் அறிக்கை வந்தது, 30 முன்மொழிவுகளோடு. அதில் பெரிய முன்மொழிவு, அமைப்புகளை அங்கீகரிக்கும் வேலையை ஐ.நா.வின் பொருளாதார சமூக மன்றத்தின் கீழிருந்து எடுத்துப் பொதுச் சபைக்குக் கொண்டுபோவதும், விண்ணப்பங்களை முதலில் சலித்தெடுப்பதைச் செயலகத்திடம் விடுவதும். நடக்கவில்லை. காரணம் எளிது: அதைச் செய்யும் அதிகாரம் குழுவை அமைத்தவரிடம் இல்லை. உறுப்பு நாடுகள் வாக்களிக்க வேண்டும், அந்தக் கதவின் தாழ்ப்பாளைத் தங்கள் கையில் வைத்திருக்கும் நாடுகளுக்கு அதை விட்டுக்கொடுக்க ஒரு காரணமும் இல்லை. இன்னொரு பக்கம், நாடாளுமன்றங்களையும் வணிக நிறுவனங்களையும் சிவில் சமூகத்தையும் ஒரே அலுவலகத்தின் கீழ் அடுக்கியதை அமைப்புகளே விரும்பவில்லை. ஆக, எதிர்க்க இரு பக்கமும் ஆள் இருந்தது.

அதனால் உங்கள் வரைவில் ஒவ்வொரு பரிந்துரைக்கும் தலையில் ஒரு குறி போட வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். நிறுவனத் தலைவர் நாளைக் காலையே கையெழுத்திட்டுச் செய்யக்கூடியது ஒரு வகை. பட்ஜெட்டில் வரி சேர்த்தால் மட்டும் நடப்பது இரண்டாம் வகை. உறுப்பு நாடுகளோ நிர்வாகக் குழுவோ விதியை மாற்றினால்தான் நடப்பது மூன்றாம் வகை. முதல் வகையில் ஏழெட்டாவது இல்லாத அறிக்கை அலமாரிக்குத்தான் போகும். பலருக்கு மூன்றாம் வகையை எழுதத்தான் கை துறுதுறுக்கும், அங்கேதான் பெருமை இருப்பதாக ஒரு நினைப்பு.

அடுத்து, பதில் கெடு. "அறிக்கை கிடைத்த 90 நாளுக்குள் ஒவ்வொரு பரிந்துரைக்கும் ஏற்பு, பகுதி ஏற்பு, மறுப்பு என்று காரணத்தோடு எழுத்தில் பதில் தரப்படும், அறிக்கையும் பதிலும் ஒன்றாக வெளியிடப்படும்." இந்த ஒரு வாக்கியத்துக்காக எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கலாம். அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று: செயலகம் வரைவறிக்கையில் தகவல் பிழைகளை மட்டுமே சுட்டலாம், 15 வேலை நாளுக்குள், எழுத்தில். இது இல்லாவிட்டால் "சில சொற்களை மென்மையாக்கலாமே" என்று ஆறு வாரம் ஓடிவிடும்.

குழுவின் செயலாளர் யார் என்பதையும் பாருங்கள். பேனா யார் கையில் இருக்கிறதோ அவருடைய அறிக்கைதான் அது. வரைபவரைச் செயலகம் தந்தால், குழு முடியும்வரை அவர் குழுத் தலைவருக்கு மட்டுமே பதில் சொல்வார் என்று எழுதுங்கள்.

சார்பின்மைக்கு அளவுகோல் வேண்டுமானால் உலக வங்கித் திட்டங்களால் பாதிக்கப்பட்டவர்களின் புகாரை விசாரிக்கும் ஆய்வுக் குழுவின் விதி கையில் இருக்கிறது: மூன்று உறுப்பினர்கள், ஐந்தாண்டுப் பதவி, நீட்டிப்பு கிடையாது, சேரும் முன் இரண்டு ஆண்டு வங்கியில் வேலை பார்த்திருக்கக் கூடாது, முடித்த பிறகு வங்கியில் வேலைக்குச் சேரவே முடியாது. எட்டு மாதக் குழுவுக்கு அவ்வளவு கடுமை தேவையில்லை. ஆனால் "பணி முடிந்து ஓராண்டுக்கு இந்த நிறுவனத்தில் ஊதிய ஒப்பந்தம் ஏற்பதில்லை" என்பதை உறுப்பினர்களே முன்வந்து கேட்டால், அறிக்கையின் எடை கூடும்.

இரண்டாம்வாசிப்பு:

அங்கீகார முறை பற்றிக் கேட்டிருந்தீர்கள். தொடலாம், ஆனால் எந்த இடத்தில் கை வைக்கிறோம் என்று தெரிந்து தொட வேண்டும். ஐ.நா. முறையின் உள்ளமைப்பைப் பார்த்தால் கோளாறு விதியில் குறைவு, நடைமுறையில்தான் அதிகம் என்று தெரியும்.

சட்ட அடிப்படை ஐ.நா. சாசனத்தின் 71ஆம் பிரிவு. நடைமுறை விதி, பொருளாதார சமூக மன்றத்தின் 1996/31 தீர்மானம். மூன்று படிகள்: பொது அந்தஸ்து, சிறப்பு அந்தஸ்து, பட்டியல் நிலை. அமைப்பு பதிவாகி இரண்டு ஆண்டு ஆகியிருக்க வேண்டும். ஜனநாயக முறையில் ஏற்கப்பட்ட அமைப்பு விதிகள், கணக்குப் பொறுப்பு, தலைமையகம் வேண்டும். நிதியின் பெரும் பகுதி உறுப்பினர்களிடமிருந்தோ கிளைகளிடமிருந்தோ வர வேண்டும், அரசுப் பணம் வாங்கினால் அதை மறைக்காமல் காட்ட வேண்டும். விண்ணப்பம் ஆங்கிலம் அல்லது பிரெஞ்சில். கட்டணம் இல்லை. கடைசி நாள் ஜூன் 1, பரிசீலனை அடுத்த ஆண்டில். ஜூன் 2ஆம் தேதி அனுப்பினால் ஒரு வருடம் போயிற்று.

பரிசீலிப்பது அந்த மன்றத்தின் கீழுள்ள, 19 நாடுகள் கொண்ட குழு: ஆப்பிரிக்கா 5, ஆசியா 4, கிழக்கு ஐரோப்பா 2, லத்தீன் அமெரிக்கா–கரீபியன் 4, மேற்கு ஐரோப்பாவும் பிறவும் 4. ஆண்டுக்கு இரண்டு அமர்வு, வழக்கமாக ஜனவரியிலும் மே மாதத்திலும். தள்ளிப்போடும் வித்தை இங்கேதான். ஏதாவது ஒரு நாடு ஒரு கேள்வி கேட்டால் போதும், பதில் வரும்வரை விண்ணப்பம் நகராது. அமர்வின் கடைசி நாட்களில் கேட்டுவிட்டால் பதில் அடுத்த அமர்வுக்குத்தான். ஜனவரியில் கேட்ட கேள்வி நாலு மாதம் தின்னும், மே மாதத்துக் கேள்வி எட்டு மாதம். மொத்தம் இத்தனை கேள்விதான் கேட்கலாம் என்ற வரம்பு இல்லை. நிராகரிப்பு என்று பதிவாவதும் இல்லை, மேல்முறையீடு செய்ய ஒரு முடிவு வேண்டுமே, அது இல்லை.

உச்சகட்ட உதாரணம் சர்வதேச தலித் ஒருமைப்பாட்டு வலையமைப்பு. நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்துக் கேள்விகள், ஏறத்தாழ 15 ஆண்டு இழுத்தடிப்பு. கடைசியில் 2022 டிசம்பரில் மன்றமே வாக்கெடுப்பு நடத்தி அந்தஸ்து கொடுத்தது. பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழு என்ற அமைப்பின் கதை இதற்கு நேர் எதிர்: 2016 மே மாதம் 19 நாடுகள் குழு வாக்கெடுப்பில் 10–6 என்று வெளிப்படையாக மறுத்தது, அதே ஜூலையில் மன்றம் அந்த முடிவைப் புரட்டிப்போட்டது. வாக்கெடுப்பில் தோற்றது இரண்டே மாதத்தில் சரியானது. தோற்காமல் தொங்கியது பதினைந்து வருடம். மறுப்பு கிடைப்பதே ஒரு உரிமை என்று இதனால்தான் சொல்கிறேன்.

ஆகவே "அங்கீகாரத்தை இன்னொரு அவைக்கு மாற்றுங்கள்" என்று எழுதாதீர்கள், கோப்புக்கட்டு சொன்ன கதிதான். கீழ்க்கண்டவற்றைக் கேளுங்கள்: ஒரு விண்ணப்பத்துக்கு இரண்டு சுற்றுக் கேள்விக்கு மேல் கிடையாது. ஏற்கெனவே விண்ணப்பத்தில் பதில் இருக்கும் கேள்வியைச் செயலகம் பக்க எண்ணோடு திருப்பி அனுப்பும். மூன்றாவது அமர்விலும் தொங்கினால் தானாக வாக்கெடுப்புக்குப் போகும். இவற்றில் நடுவில் உள்ளது செயலகத்தின் கையிலேயே இருக்கிறது, அதை முதல் வகையில் போடலாம்.

அமைப்புகள் பக்கமும் பிழைகள் உண்டு, அறிக்கையில் அதையும் சொன்னால்தான் நம்புவார்கள். கணக்கு அறிக்கையில் வருமானத் தொகை விண்ணப்பத்தோடு ஒத்துப்போகாதது. இணையதளத்தில் தைவானைத் தனி நாடாகப் பட்டியலிட்டு, ஐ.நா. வழக்குச் சொல்லுக்கு மாற்றச் சொல்லிக் கேள்வி வாங்குவது. பதிவுச் சான்றில் ஒரு பெயர், அமைப்பு விதியில் வேறு பெயர். அந்தஸ்து வாங்கிய பிறகு நான்காண்டுக்கு ஒருமுறை தர வேண்டிய அறிக்கையை மறப்பது. அதற்கு ஓராண்டு இடைநிறுத்தம், அப்புறமும் தராவிட்டால் அந்தஸ்தே பறிபோகும்.

ஒரு இடக்குக் குறிப்பு: ஒரே நாட்டுக்குள் இயங்கும் அமைப்புகள் விஷயத்தில் அந்த நாட்டு அரசைக் கலந்துகொள்ள வேண்டும் என்று 1996/31 சொல்கிறது. ஊழலையோ சிறைகளையோ கண்காணிக்கும் அமைப்பு, தான் கண்காணிக்கும் அரசின் அபிப்பிராயத்துக்குக் காத்திருக்கிறது. உங்கள் நிறுவனத்தின் விதியில் அதே வாசகம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பல இடங்களில் ஐ.நா. விதியை அப்படியே எடுத்து ஒட்டியிருப்பார்கள்.

வரைவுமேசை:

தேடினேன், இருக்கிறது! கிட்டத்தட்ட அதே வாசகம். நன்றி இருவருக்கும்.

ஒரு துணைக்கேள்வி. செயலகம் "சிவில் சமூகம்" என்பதற்குள் வர்த்தக சங்கங்களையும் அறக்கட்டளைகளையும் பல்கலைக்கழகங்களையும் சேர்த்தே பேசுகிறது. குழு அதைப் பிரிக்க வேண்டுமா? கருத்துக் கேட்பு பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

உப்புக்கல்:

பிரிச்சே ஆகணும். இதுக்குப் புதுசா எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம், உலக சுகாதார நிறுவனம் 2016ல ஏத்துக்கிட்ட அரசு சாராத் தரப்புகளோடான ஈடுபாட்டுச் சட்டகத்தை எடுத்துப் படிங்க. நாலு வகை: அரசு சாரா அமைப்புகள், தனியார் துறை, அறக்கட்டளைகள், கல்வி நிறுவனங்கள். அதுல உருப்படியான விஷயம், பேரை வச்சு வகைப்படுத்தாம, யார் பிடியில இருக்குன்னு பார்த்து வகைப்படுத்துறது. லாப நோக்கமில்லாத சங்கம்னு பதிவு பண்ணியிருந்தாலும் நிறுவனங்கள்தான் அதை நடத்துதுன்னா அது தனியார் துறைக் கணக்குலதான் வரும். புகையிலை, ஆயுதத் தொழில்களோட எந்த உறவும் கிடையாதுன்னு தனியா ஒரு கோடும் போட்டிருக்காங்க.

நடைமுறையில இதுக்கு மூணு தாள் கேட்டாப் போதும்: நிர்வாகக் குழுவுல இருக்கிறவங்க வேற எங்கெல்லாம் பதவி வகிக்கிறாங்க, போன மூணு வருஷத்து முதல் பத்து நன்கொடையாளர்கள் யார், உறுப்பினர் கட்டணம் எவ்வளவு பங்கு. இந்த மூணும் பொதுவெளியில போகணும். ஆனா தனி நபர் நன்கொடையாளர் பேர் கேட்காதீங்க, சில நாட்டுல அது ஆபத்து.

கருத்துக் கேட்புக்கு வர்றேன். எட்டு மாசத்துல வழக்கமா நடக்கிற தப்பு: நாலு மாசம் வரைவு எழுதி, கடைசியில மூணு வாரம் "கருத்து கூறுக"ன்னு போடுறது. மூணு வாரத்துல பதில் எழுதுறது யாருன்னா, அதுக்குன்னே தனி ஆள் வச்சிருக்கிற பெரிய அமைப்புங்கதான். ஒரு கூட்டமைப்பு நிஜமா தன் உறுப்பினர்கிட்ட கேட்டுப் பதில் சொல்லணும்னா: மொழிபெயர்ப்புக்கு 2 வாரம், உள்ளூர்க் கூட்டங்களுக்கு 3 வாரம், திரட்டி ஒப்புதல் வாங்க 2 வாரம், திரும்ப மொழிபெயர்க்க 1 வாரம். எட்டு வாரம். அதுக்குக் கீழ போனா நீங்க கேக்குறது தலைமையகத்தோட கருத்தை மட்டும்தான்.

அதனால கேட்பை ரெண்டாப் பிரிங்க. முதல் மாசமே, எழுத ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே, ஐந்து கேள்வியை ஒரே பக்கத்துல போட்டு எட்டு வாரம் திறந்து வைங்க. அஞ்சாவது மாசம் வரைவை நாலு வாரம் காட்டுங்க. 40 பக்க வரைவை மொழிபெயர்க்கப் பணம் இருக்காது, 5 பக்கச் சுருக்கத்தை மொழிபெயர்க்கலாம். எழுத்துல தர முடியாதவங்களுக்குக் குரல் பதிவாத் தர வழி வைங்க; கேட்டு எழுத ஆள் வேணும், ஒரு மணி நேரப் பதிவுக்கு நாலு மணி நேர வேலைன்னு கணக்குப் போட்டுக்கோங்க.

இதுல நிஜமான வேலை கருத்துப் பட்டியல். ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு வரிசை. இப்படி இருக்கணும்:

எண் 47. வந்த கருத்து: "கூட்டத்துக்கு 10 நாள் முன்புதான் ஆவணம் வருகிறது, உறுப்பினர்களைக் கேட்க நேரமில்லை." குழுவின் முடிவு: பகுதி ஏற்பு. காரணம்: 6 வாரம் கேட்டிருக்கிறார்கள், செயலகத்தின் மொழிபெயர்ப்புச் சுழற்சி 4 வாரத்துக்கு மேல் இடம் தராது. மாற்றம்: பத்தி 31, "குறைந்தது 4 வாரம்".

இதே கருத்து, "உங்கள் மேலான கருத்துக்கு நன்றி, கவனத்தில் கொள்ளப்பட்டது"ன்னு போனா அடுத்த தடவை யாரும் எழுத மாட்டாங்க. 300 கருத்து வந்தா இந்தப் பட்டியலுக்கு ஒரு ஆளுக்கு மூணு வாரம் ஆகும். பட்ஜெட்டுல போட்டுடுங்க, இல்லைன்னா கடைசி வாரத்துல இதைத்தான் முதல்ல வெட்டுவாங்க.

கோப்புக்கட்டு:

உப்புக்கல் சொன்ன கால அட்டவணை சரிதான், ஆனால் வரைவைக் காட்டும் நான்கு வாரம் போதாது என்றே நினைக்கிறேன். ஐந்து மொழியில் சுருக்கம் என்றால் முதல் வாரம் மொழிபெயர்ப்பிலேயே போய்விடும். சுருக்கம் எல்லா மொழியிலும் தயாரான நாளிலிருந்து நான்கு வாரம் என்று எழுதுங்கள், ஆங்கில வரைவு வெளியான நாளிலிருந்து அல்ல.

நிழல்வரி:

இன்னும் யாரும் தொடாத ஒன்று: பேச்சுரிமையா, இருக்கையா, வாக்கா? பரிந்துரைகளில் இந்த மூன்றும் "அர்த்தமுள்ள பங்கேற்பு" என்ற ஒரே மூட்டைக்குள் போய்விடும். பிரித்து எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் நடப்பில் மாதிரி இருக்கிறது.

ஐ.நா. ஆலோசனை அந்தஸ்து தருவது பேச்சுரிமை. அதுவும் அளந்து: மன்றத்துக்கு எழுத்து அறிக்கை தர, பொது அந்தஸ்துக்கு 2000 சொல், சிறப்பு அந்தஸ்துக்கு 500 சொல். எய்ட்ஸ் ஒழிப்புக்கான ஐ.நா. கூட்டுத் திட்டத்தின் ஒருங்கிணைப்புக் குழுவில் அமைப்புகளுக்கு ஐந்து இருக்கை உண்டு, வாக்கு இல்லை. எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலகளாவிய நிதியத்தில் வாக்கே உண்டு: 20 வாக்குகளில் மூன்று, வளர்ந்த நாட்டு அமைப்புகளுக்கு ஒன்று, வளரும் நாட்டு அமைப்புகளுக்கு ஒன்று, நோயோடு வாழும் சமூகங்களுக்கு ஒன்று. அந்தக் கடைசி இருக்கையைத் தனியாக வைத்ததுதான் புத்திசாலித்தனம். நோயாளிகளுக்காகப் பேசுபவரும் நோயாளியும் ஒரே இருக்கைக்குப் போட்டியிட்டால் யார் ஜெயிப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

வாக்கு கேட்டால்தான் கௌரவம் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வாக்கு வந்தால் பொறுப்பும் வரும்: கூட்டு முடிவைப் பிறகு வெளியே விமர்சிப்பது கடினம். நிறுவனம் பணம் பகிர்ந்தளிக்கிறது என்றால் வாக்கு கேளுங்கள். நெறிமுறை மட்டும் எழுதுகிறது என்றால், வாக்கை விட, வரைவு மேசையில் இருக்கை பெறுமதியானது. இறுதிக் கூட்டத்தில் கை தூக்குவதற்குள் வாசகம் உறைந்துவிட்டிருக்கும்.

இருக்கையில் யார் அமர்வது என்பதை நிறுவனம் தேர்ந்தெடுக்கக் கூடாது, அமைப்புகளே தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு விதி வேண்டும்: இரண்டாண்டுப் பதவி, ஒருமுறை நீட்டிப்பு, மாற்றாள் ஒருவர், கூட்டம் முடிந்து இரண்டு வாரத்துக்குள் எல்லோருக்கும் எழுத்தில் அறிக்கை. அந்தக் கடைசி விதி இல்லாத இடங்களில் பிரதிநிதி மெல்ல மெல்லத் தனிநபர் ஆகிவிடுவார்.

பழிவாங்கல் பற்றி ஒரு பத்தி கட்டாயம். ஐ.நா.வோடு பேசியதற்காகத் துன்புறுத்தப்பட்டவர்களைப் பற்றிப் பொதுச் செயலாளர் ஆண்டுதோறும் அறிக்கை தருவது மனித உரிமைப் பேரவை 2009இல் ஏற்ற 12/2 தீர்மானத்தின்படி நடக்கிறது. இது ஏட்டுக் கவலை அல்ல. உங்கள் கருத்துக் கேட்பிலேயே இது எழும். பங்கேற்றோர் பட்டியலை அவர்களைக் கேட்காமல் வெளியிடாதீர்கள். பெயர் போடலாமா, அமைப்பின் பெயர் மட்டுமா, நாடு மட்டுமா, எதுவும் வேண்டாமா என்று ஒவ்வொருவரிடமும் எழுத்தில் கேளுங்கள், பிறகு மனம் மாறினால் நீக்கவும் வழி வையுங்கள். இணையக் கூட்டத்தில் பதிவு பொத்தானை அணைப்பதோடு நிற்காமல், கூட்டத் திரையில் தெரியும் பெயர்ப் பட்டியலையும் மறையுங்கள். பலர் மாட்டுவது யாரோ எடுத்துப் போட்ட ஸ்கிரீன்ஷாட்டால்தான், அதிகாரப்பூர்வப் பதிவால் அல்ல. கோப்புகள் எங்கே இருக்கும், யார் திறக்கலாம், எத்தனை மாதத்தில் அழியும் என்பது பணி வரையறையின் பின்னிணைப்பில் வரட்டும்.

இரண்டாம்வாசிப்பு:

நிழல்வரி சொன்னதோடு புகார் வழியையும் சேர்க்க வேண்டும். திட்டங்களுக்குப் பணம் தரும் நிறுவனம் என்றால் உலக வங்கி 1993இல் அமைத்த ஆய்வுக் குழுதான் மாதிரி, நர்மதை அணைகள் பற்றி வங்கியே கேட்டு வாங்கிய வெளியாட்களின் ஆய்வான 1992 மோர்ஸ் அறிக்கைக்குப் பிறகு பிறந்தது. பாதிக்கப்பட்டவர்கள் இருவர் சேர்ந்தால் மனு தரலாம், வழக்கறிஞர் தேவையில்லை, பெயரை ரகசியமாக வைக்கக் கேட்கலாம், அதற்கு முன் வங்கி நிர்வாகத்திடம் முறையிட்டிருக்க வேண்டும். குழு பதில் சொல்வது நிர்வாக இயக்குநர்கள் அவைக்கு, திட்டத்தை நடத்தும் அதிகாரிகளுக்கு அல்ல.

பரிந்துரையில் எழுதும்போது அந்த "முன்பே முறையிட்டிருக்க வேண்டும்" என்பதற்கு ஒரு கால வரம்பு வையுங்கள், 30 நாள் போதும். இல்லாவிட்டால் அதிகாரிகள் பதில் போடாமலே இருந்து கதவை மூடலாம்.

வரைவுமேசை:

வரைவை ஒன்பது திருத்தங்களோடு திருப்பி அனுப்புகிறேன். 90 நாள் பதில் கெடுவை முதல் எண்ணாக வைத்திருக்கிறேன். இணையக் கூட்டப் பெயர்ப் பட்டியல் விஷயம் என் நினைப்பிலேயே இல்லை, அதைப் பின்னிணைப்பில் சேர்த்தாயிற்று.

கோப்புக்கட்டு:

ஒன்பதும் கிடைக்காது. எதை விடுவது என்று இப்போதே வரிசைப்படுத்தி வைத்துக்கொள்ளுங்கள், பேச்சுவார்த்தை மேசையில் யோசிக்க நேரம் இருக்காது. இன்னொன்று: செயலகம் 90 நாளை ஏற்று "பதில் தரப்படும்" என்பதை "பதில் தர முயற்சி செய்யப்படும்" என்று மாற்றி அனுப்பும். அந்தச் சொல்லைக் கண்ணில் எண்ணெய் விட்டுப் பாருங்கள்.